கேம்பர் வேனில் லீஷர் பேட்டரி சார்ஜ் ஏறவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் கேம்பர் வேன் வைத்திருக்கும் நம்மவர்கள் கோடை விடுமுறை நெருங்கும்போது என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "அண்ணா, வேனுக்குள்ள லைட்டு மங்கலா எரியுது, பேட்டரிய மாத்திடவா?" அதற்கான பதிலும், அதை ஒட்டி வரும் மற்ற கேள்விகளுக்கான பதில்களும் இங்கே. நான் எலக்ட்ரீஷியன் இல்லை. பழைய வேன் ஒன்றோடு பல வருடமாகக் குடும்பம் நடத்துகிறவன், அவ்வளவுதான். இதில் சொல்வதெல்லாம் 12 வோல்ட் பக்கத்து வேலை. 230 வோல்ட் பக்கம் மூடியைத் திறக்கும் வேலை வந்தால் ஆளைக் கூப்பிட்டுவிடுங்கள்.

லீஷர் பேட்டரி என்பது என்ன? வண்டியின் பேட்டரியே போதாதா?

வண்டியில் இரண்டு பேட்டரி. ஒன்று எஞ்சினைக் கிளப்ப மட்டும், கீழே 'முன் பேட்டரி' என்று சொல்வது இதைத்தான். மற்றது, வண்டியை நிறுத்திய பிறகு லைட், தண்ணீர் பம்ப், ஃப்ரிட்ஜ், ஹீட்டர் ஃபேன், போன் சார்ஜ் எல்லாவற்றுக்கும். ஊரில் மின்வெட்டுக் காலத்தில் ஹால் மூலையில் உட்கார்ந்திருந்த இன்வெர்ட்டர் பேட்டரியின் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தள்ளுவது இதன் வேலை இல்லை. மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதுதான் வேலை. இரண்டையும் பிரித்து வைப்பதே, ராத்திரி முழுக்க லைட் எரிந்தாலும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதற்காக.

சார்ஜ் வர மூன்று வழி: எஞ்சின் ஓடும்போது அதோடு சுழன்று கரண்ட் தரும் ஆல்டர்நேட்டர், கேம்ப்சைட் கம்பத்தில் செருகும் ஹூக்-அப் கரண்ட், கூரையில் சோலார். இந்த மூன்றில் எது அடைபட்டது என்று கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

புதுப் பேட்டரி வாங்கிப் போட்டால் சரியாகிவிடாதா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டே வருடத்தில் இரண்டு பேட்டரி வாங்கினேன். முதல் தடவை ஒரு கராஜ்காரர் மீட்டரை வைத்து இரண்டு நொடி பார்த்துவிட்டு "பேட்டரி காலி" என்றார். பேட்டரி காலியாகத்தான் இருந்தது, அது உண்மை. ஏன் காலியானது என்று அவரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. புதுசு போட்டதும் மூன்று மாதம் நன்றாக ஓடியது, ஏனென்றால் கடையிலிருந்து சார்ஜோடு வந்தது. பிறகு பழைய கதை.

இரண்டாவது பேட்டரியும் படுத்த அன்று, ஸ்காட்லாந்தில் கிளென்கோ பக்கம் மழையில் நின்றுகொண்டு டிரைவர் சீட்டின் அடிப்பலகையைக் கழற்றினேன். விரல் நீளத்துக்கு ஒரு ஃபியூஸ் ஹோல்டர். கறுப்பாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஒரு ஓரத்தில் டிகாஷன் நிறத்துக்கு மாறி, லேசாக உருகி வளைந்திருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, தொட்டுப் பார்த்தால் விரல் சுட்டது. மீட்டரில் ஃபியூஸின் இந்தப் பக்கம் 14.2 வோல்ட், அந்தப் பக்கம் 12.9. ஃபியூஸ் அறுந்திருக்கவில்லை. அதைப் பிடித்திருந்த நட்டு தளர்ந்து, அந்த இடத்தில் 1.3 வோல்ட் சூடாக வீணாகிக்கொண்டிருந்தது. 16 ஆம்பியர் போகும்போது அது 20 வாட்டுக்கு மேல், ஒரு சின்ன சால்டரிங் அயர்னின் சூடு. சில பவுண்டு விலையுள்ள ஹோல்டரை மாற்றினேன். அதற்குப் பிறகு பேட்டரி வாங்கவில்லை.

ஆகவே பேட்டரியைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்.

என்னென்ன கருவி வேண்டும்?

ஒரு மல்டிமீட்டர். விலை குறைந்ததே போதும். முடிந்தால் கிளாம்ப் மீட்டர், ஆனால் டிசி ஆம்பியர் அளக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவானவற்றில் பல ஏசி மட்டும்தான் அளக்கும், வயரைச் சுற்றி மாட்டினால் பூஜ்யம் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். பத்து, பதிமூன்று மி.மீ. ஸ்பேனர், கம்பி பிரஷ், டார்ச். கையில் மோதிரம், உலோகப் பட்டை வாட்ச் இருந்தால் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது சரி. ஸ்பேனரோ மோதிரமோ இரண்டு டெர்மினலையும் சேர்த்துவிட்டால் நொடியில் பழுத்துவிடும் என்பதும் சரி. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

மீட்டர் காட்டும் எண்ணை எப்படிப் படிப்பது?

எல்லா லைட்டையும் அணைத்து, சார்ஜ் எதுவும் வராமல், நாலைந்து மணி நேரம் விட்டுப் பிறகு அளக்க வேண்டும். இப்போதுதான் ஓட்டிவிட்டு வந்து அளந்தால் எண் பொய்யாகக் கூடுதலாக இருக்கும். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரிக்கு 12.7 என்றால் முழுசு. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். 11.8க்குக் கீழே போனால் காலி என்றே எடுத்துக்கொள்ளலாம். கவனியுங்கள், முழுசுக்கும் பாதிக்கும் இடையில் வெறும் அரை வோல்ட். டாஷ்போர்டுக்கு மேலே இருக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு விளக்குகளை நம்பி முடிவெடுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது முழுசிலிருந்து கிட்டத்தட்ட காலியாகும் வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். அதற்கு ஆம்பியரை எண்ணும் மானிட்டர் வேண்டும்.

ஓட்டும்போது சார்ஜ் ஏறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று எண் எடுத்துத் தாளில் எழுதுங்கள். எஞ்சின் ஓடாதபோது லீஷர் பேட்டரியில் எவ்வளவு, எஞ்சின் ஓடும்போது முன் பேட்டரியில் எவ்வளவு, எஞ்சின் ஓடும்போது லீஷர் பேட்டரியில் எவ்வளவு. அளப்பது பேட்டரி டெர்மினலின் மேலேயே, பேனலிலோ சாக்கெட்டிலோ அல்ல.

பழைய வகை வண்டியில் எஞ்சின் கிளம்பி ஓரிரு நிமிடத்தில் முன் பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை என்றால் ஆல்டர்நேட்டர் அல்லது அதன் பெல்ட், அது வேறு கதை. முன்னால் 14.3 இருக்கிறது, பின்னால் லீஷரில் 12.3லேயே அசையாமல் நிற்கிறது என்றால் நடுவில் வழி அறுந்திருக்கிறது. பின்னால் 13.2 மாதிரி ஏதோ ஒன்று வந்து நிற்கிறது என்றால் வழி இருக்கிறது, ஆனால் நெருக்கடி. பேட்டரி நன்றாக இறங்கியிருக்கும் முதல் சில நிமிடம் அப்படித்தான் காட்டும், கால் மணி நேரம் கொடுத்துப் பாருங்கள். பிறகும் ஏறாமல் நின்றால் தேடத் தொடங்கலாம்.

நடுவில்தான் கோளாறு என்று தெரிகிறது. எங்கே தேடுவது?

முன் பேட்டரியிலிருந்து பின்னால் வரும் வழி இது: முன் பேட்டரியை ஒட்டி ஒரு ஃபியூஸ், பிறகு ஸ்ப்ளிட் சார்ஜ் ரிலே (எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டு பேட்டரியையும் இணைக்கும் தானியங்கி சுவிட்ச்), பிறகு நீண்ட வயர், லீஷர் பேட்டரியை ஒட்டி இன்னொரு ஃபியூஸ். இரண்டு முனையிலும் ஃபியூஸ் இருப்பது ஏனென்றால் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. பலர் ஒன்றைப் பார்த்துவிட்டு "ஃபியூஸ் நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். இன்னொன்று சீட்டுக்கு அடியில் அறுந்து கிடக்கும்.

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே லைட், பம்ப் எல்லாவற்றையும் போட்டு, மீட்டரின் சிவப்பு முனையை முன் பேட்டரியின் பாசிட்டிவிலும் கறுப்பு முனையை லீஷர் பேட்டரியின் பாசிட்டிவிலும் வையுங்கள். முனை எட்டாவிட்டால் நீளமாக ஒரு வயர் துண்டை இணைத்துக்கொள்ளலாம். மீட்டர் காட்டுவது, வழியில் மொத்தம் எத்தனை வோல்ட் தொலைகிறது என்பது. 0.3 வரை பரவாயில்லை. ஒரு வோல்ட் என்றால் எங்கேயோ திருட்டு நடக்கிறது. இப்போது அதே மாதிரி ஃபியூஸின் இரு பக்கம், ரிலேயின் இரு பக்கம், ஒவ்வொரு டெர்மினலும் அதில் மாட்டும் வயர் முனை வளையமும் (லக்) என்று துண்டு துண்டாக அளந்துகொண்டே வாருங்கள். எந்தத் துண்டில் பெரிய எண் வருகிறதோ அதுதான் கள்ளன். மின்சாரம் ஓடாதபோது இந்தச் சோதனை எதையும் காட்டாது என்பதை மறக்க வேண்டாம்.

பாசிட்டிவ் பக்கம் சுத்தம் என்றால் நெகட்டிவுக்குப் போங்கள். ஒரு முனை முன் பேட்டரி நெகட்டிவ், மறுமுனை லீஷர் நெகட்டிவ். பெரும்பாலான வேனில் திரும்பி வரும் பாதை வண்டியின் உடம்புதான். எர்த் வயரைப் பெயின்ட்டின் மேலேயே போல்ட் போட்டிருப்பார்கள், அல்லது நாளடைவில் அடியில் துரு ஏறியிருக்கும். கழற்றி, பளபளவென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ். இதனால் மட்டுமே உயிர் வந்த வேன்களைப் பார்த்திருக்கிறேன்.

வயரின் தடிமனும் காரணமாகலாம். சொந்தமாக வேலை செய்த வேன்களில் இது அதிகம். 6 சதுர மி.மீ. வயர் ஆறு மீட்டர் ஓடினால், 30 ஆம்பியருக்கு அரை வோல்ட்டுக்கு மேல் தொலையும். 16 சதுர மி.மீ. போட்டால் அதே தூரத்துக்கு 0.2 வோல்ட்தான். லெட்-ஆசிட் பேட்டரிக்கு அந்த அரை வோல்ட்தான் முழுசாக ஏறுவதற்கும் முக்காலில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்.

ரிலே வேலை செய்கிறதா என்று காதாலேயே தெரிந்துகொள்ளலாம். வோல்ட்டைப் பார்த்து இயங்கும் வகை, முன் பேட்டரி சுமார் 13.3ஐத் தொட்டதும் "டக்" என்று விழும். எஞ்சினை நிறுத்தி வோல்ட் இறங்கியதும் இன்னொரு "டக்". சத்தம் வருகிறது ஆனால் இரு பக்கத்துக்கும் இடையில் வோல்ட் தொலைகிறது என்றால் உள்ளே முனை கருகியிருக்கிறது. சத்தமே வரவில்லை என்றால் அதன் மெல்லிய எர்த் வயரைப் பாருங்கள். பலமுறை அதுதான்.

என் வண்டி புதுசு. ரிலே நன்றாக இருக்கிறது, ஆனாலும் நெடுஞ்சாலையில் போகப் போக சார்ஜ் நின்றுவிடுகிறதே?

அது கோளாறு இல்லை, வண்டியின் சாமர்த்தியம். 2015, 2016 வாக்கில் யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகை விதி நடைமுறைக்கு வந்தபிறகு பெரும்பாலான வேன்களில் ஸ்மார்ட் ஆல்டர்நேட்டர் வருகிறது. எரிபொருள் மிச்சம் பிடிக்க, முன் பேட்டரி ஓரளவு ஏறியதும் அது வோல்ட்டை 12.5 அளவுக்குக்கூட இறக்கிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பிரேக் போட்டால், அப்போது 15 வரை ஏற்றும். வோல்ட்டைப் பார்த்து இயங்கும் ரிலே பாவம், "எஞ்சின் நின்றுவிட்டது" என்று நினைத்துப் பிரிந்துவிடும். இதற்கு ஒரே மருந்து டிசி-டிசி சார்ஜர், சிலர் பி-டு-பி என்பார்கள். உள்ளே எந்த வோல்ட் வந்தாலும் அதை ஏற்றி, லீஷர் பேட்டரிக்கு வேண்டிய 14.4ஐக் கொடுக்கும்.

அதையும் போட்டாயிற்று. சார்ஜரின் விளக்கு எரியவில்லை.

எஞ்சின் ஓடுகிறது என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். அந்தச் செய்தியைக் கொண்டுவருவது ஒரு மெல்லிய வயர். டி-பிளஸ் என்றோ இக்னிஷன் ஃபீட் என்றோ குறித்திருக்கும். எஞ்சினை ஓடவிட்டு அதில் 12 வோல்ட் வருகிறதா என்று அளங்கள். வரவில்லை என்றால் சார்ஜரைக் குறைசொல்லிப் பயனில்லை.

மூன்று மணி நேரம் ஓட்டினேன், அன்று ராத்திரியே இறங்கிவிட்டது. ஏன்?

லெட்-ஆசிட் பேட்டரி கடைசிப் பகுதியை மிக மெதுவாகத்தான் வாங்கும். முதல் பாதி மளமளவென்று ஏறும், 80 சதவீதத்துக்கு மேல் வாங்கும் ஆம்பியர் குறைந்துகொண்டே போகும். முழுசாக நிறைய ராத்திரி முழுக்க வேண்டும். அடுத்தது, எஞ்சின் ஓடும்போது ஃப்ரிட்ஜும் ஓடிக்கொண்டிருக்கும். கேஸ், 12 வோல்ட், 230 வோல்ட் மூன்றிலும் ஓடும் வகை ஃப்ரிட்ஜ் 12 வோல்ட்டில் பத்து ஆம்பியருக்கு மேல் தின்னும். எஞ்சினை நிறுத்தினால் அது தானாக 12 வோல்ட்டிலிருந்து பிரிய வேண்டும். பிரியாவிட்டால் பேட்டரி விடிவதற்குள் காலி. எஞ்சினை நிறுத்திவிட்டு ஃப்ரிட்ஜுக்குப் போகும் வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஹூக்-அப் செருகினால் கெட்டில் ஓடுகிறது, பேட்டரி மட்டும் ஏறவில்லை.

அப்படியானால் கம்பத்திலிருந்து கரண்ட் வருகிறது, சார்ஜர்தான் இயங்கவில்லை. சார்ஜருக்குத் தனி சுவிட்ச் இருக்கும், பல வண்டிகளில் அலமாரிக்குள், துணிமணிக்குப் பின்னால். ஜமுக்காளத்தைத் திணிக்கும்போது அணைந்திருக்கும். சிரிக்காதீர்கள், எனக்கே நடந்திருக்கிறது. சுவிட்ச் போட்டதும் பேட்டரியில் எண் சில நிமிடத்தில் 13.5ஐத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை என்றால் சார்ஜருக்கும் பேட்டரிக்கும் நடுவே உள்ள ஃபியூஸ். பேட்டரி ஒரேயடியாக இறங்கிப்போயிருந்தால் சில சார்ஜர் அதைப் பேட்டரி என்றே மதிக்காமல் கிளம்ப மறுக்கும். வெளியில் வைத்துச் சாதாரண சார்ஜரால் கொஞ்சம் ஏற்றிவிட்டுத் திரும்ப மாட்டிப் பாருங்கள்.

கெட்டிலும் ஓடவில்லை என்றால் முதலில் கம்பத்து டிரிப் சுவிட்ச், பிறகு வண்டியின் ஆர்சிடி, அதாவது கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச். போட்டதும் மறுபடி விழுந்தால் அதோடு நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியன் வரட்டும்.

சார்ஜரில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் சிறிய பொத்தானும் இருக்கும். ஏஜிஎம், ஜெல் இரண்டும் தண்ணீர் ஊற்றாத மூடிய லெட்-ஆசிட் வகைகள். ஏஜிஎம் பேட்டரிக்கு 14.4 முதல் 14.7 வரை வேண்டும், ஜெல்லுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. பேட்டரி வகையை மாற்றினவர் இதை மாற்றியிருக்க மாட்டார்.

சோலார் இருக்கிறது. குளிர்காலத்தில் ஒன்றுமே வருவதில்லை.

வராது. டிசம்பர் நடுப்பகலில் லண்டனில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், எடின்பரோவில் 11கூட இல்லை. அதே நாளில் மதுரையில் ஏறத்தாழ 57 டிகிரி. கூரையில் தட்டையாகக் கிடக்கும் பேனல் மேல் அந்த வெயில் சறுக்கிக்கொண்டு போய்விடும், பகலே எட்டு மணி நேரம் இல்லை. டிசம்பரில் 100 வாட் பேனல், நின்றிருக்கும் வண்டியின் பேட்டரியைப் பட்டினி போடாமல் வைத்திருந்தால் சந்தோஷப்படுங்கள்.

ஜூனிலும் வரவில்லை என்றால்தான் கோளாறு. சோலார் கன்ட்ரோலரில் பேனல் வரும் முனையையும் பேட்டரி போகும் முனையையும் அளங்கள். பேனல் பக்கம் 20 வோல்ட் போல நின்று, பேட்டரி பக்கம் ஏறாமல் இருந்தால் இடையில் உள்ள ஃபியூஸ். பேனலை நேராகப் பேட்டரியோடு இணைக்கும் எளிய பிடபிள்யூஎம் வகை கன்ட்ரோலரில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே எண் காட்டும், அது இயல்பு, பயப்பட வேண்டாம். கன்ட்ரோலரைத் திரும்ப மாட்டும்போது பேட்டரியை முதலில், பேனலைப் பிறகு. கூரைக்கும் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். ஒரு ஏரியல் கம்பியின் நிழலோ, கடற்காகம் போட்டுவிட்டுப் போனதோ பேனலின் பெரும்பகுதியை முடக்கிவிடும்.

லித்தியத்துக்கு மாறினேன். ஜனவரிக் காலையில் சார்ஜர் பூஜ்யம் காட்டுகிறது.

உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் உள்ளே உலோக லித்தியம் படிந்து பேட்டரி கெடும். அதனால் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று கதவைச் சாத்திவிடும். வேனைச் சூடாக்குங்கள், தானாகத் திறக்கும். டெர்மினலில் வோல்ட்டே வரவில்லை என்றால் அதிகம் இறங்கியதால் பூட்டிக்கொண்டிருக்கலாம், லித்தியத்துக்கான சார்ஜர் கொடுத்தால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். பழைய ஸ்ப்ளிட் ரிலேயோடு மட்டும் லித்தியத்தை ஓட்டாதீர்கள். அது கிடைத்த ஆம்பியரையெல்லாம் இழுக்கும், ஆல்டர்நேட்டர் சூட்டில் போய்விடும்.

வண்டி சும்மா நிற்கிறது. இரண்டு வாரத்தில் பேட்டரி காலி.

ஏதோ ஒன்று சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறது. கேஸ் அலாரம், டிராக்கர், ரேடியோ, தூங்காத யுஎஸ்பி சாக்கெட். 0.3 ஆம்பியர் என்றால் அற்பமாகத் தெரியும். நாளுக்கு 7 ஆம்பியர்-மணி, ஒரு வாரத்தில் 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நெகட்டிவ் வயரில் கிளாம்ப் மீட்டர் போட்டு, ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள். எண் சட்டென்று விழும் இடத்தில்தான் கள்ளன்.

பேட்டரிதான் போய்விட்டது என்று எப்படி உறுதிப்படுத்துவது?

வேனிலிருந்து கழற்றி, வெளியில் நல்ல சார்ஜரில் ஒரு நாள் முழுக்கப் போட்டு, கழற்றி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் 12.5ஐக்கூட எட்டவில்லை என்றால் நம்பிக்கை குறைவு. எட்டினால் ஒரு லோடு கொடுங்கள்: 5 ஆம்பியர் எடுக்கும் ஏதாவது, அரை மணி நேரம். வோல்ட் கல் விழுந்த மாதிரி 12க்குக் கீழே போனால் ஈயத்தட்டில் சல்ஃபேட் இறுகிவிட்டது. தண்ணீர் ஊற்றும் வகையென்றால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் பொய் சொல்லாது: நிறைந்த செல்லில் 1.27 அளவு, ஆறில் ஒன்று மட்டும் 0.05க்கு மேல் பின்தங்கியிருந்தால் அந்தச் செல் செத்துவிட்டது. ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். இது ஊர் இன்வெர்ட்டர் வைத்திருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இரண்டு பேட்டரி இணையாக இருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றலாமா?

வேண்டாம். கிழவன் குமரனையும் இழுத்துக்கொண்டு போவான்.

சார்ஜ் ஏறும்போது அழுகின முட்டை நாற்றம் அடிக்கிறதே?

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு ஹூக்-அப்பைக் கம்பத்துப் பக்கமே கழற்றுங்கள், எஞ்சினை அணையுங்கள், கதவையெல்லாம் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். அடுப்பு, சிகரெட் எதுவும் கூடாது. பேட்டரி அளவுக்கு மீறி ஏறிக் கொதிக்கிறது. கூடவே வரும் ஹைட்ரஜன் ஒரு பொறியில் வெடிக்கும். ஆறும்வரை தொட வேண்டாம், சோலார் இருந்தால் அது இன்னும் ஏற்றிக்கொண்டிருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். அந்தப் பேட்டரி திரும்ப வேனுக்குள் போகக் கூடாது. புதுசு வைக்கும்போது அதன் காற்றுக் குழாய் வண்டிக்கு வெளியே போகிறதா என்று குனிந்து பாருங்கள்.

கேட்க வெட்கமாக இருக்கிறது. என் வேனில் பேட்டரி எங்கே இருக்கிறது?

வெட்கம் என்ன. ஃபியட் டுகாட்டோவில் முன் பேட்டரியே பானட்டுக்குள் இல்லை, முன்சீட்டுக்காரர் கால் வைக்கும் தரைக்கு அடியில் இருக்கிறது. லீஷர் பேட்டரி பெரும்பாலும் ஏதாவது ஒரு சீட்டுக்கு அடியில், இல்லையென்றால் கட்டில் பெட்டிக்குள், சில வண்டிகளில் வெளிப்பக்கம் சிறு கதவு வைத்து. கண்டுபிடித்ததும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஃபியூஸ்களையும் சேர்த்து. மழையில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தேடும் நாளில் உதவும்.